கூரத்தில் ஒரு முதற்பாடம்

காஞ்சிபுரம் செல்லும் அன்பர்களுள் பெரும்பாலோர் கைலாசநாதர் கோயிலையும் வைகுந்தப் பெருமாள் கோயிலையும் கண்டு திரும்பிவிடுவர். கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் என்பதால் வைணவர்கள் கூரத்தை அறிவர். நாங்கள் அங்குச் சென்றதோ, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயிலைக் காண்பதற்காக. கூரம் செப்பேடுகள் இதனை 'வித்யாவிநீத பல்லவ பரமேசுவரகிருகம்' என்று குறிக்கின்றன.

எங்களுடன் வந்த நண்பர், வரைபலகையில் இருபது ஆண்டுகள் கட்டட வரைபடம் வரைந்தவர். அலுவலகத்தில் புதிய வடிவமைப்பு மென்பொருளைக் கற்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் போராடியபின், "இத்தொழிலையே விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது" என்றார். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் அவருக்குப் பெருந்தொல்லை தரவில்லை. வரைபலகை திரைக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே. 2000இல் வந்த ரெவிட் போன்றவை வேறு வகை. அவற்றில் சுவர் என்பது இரண்டு கோடுகளன்று. கனமும் உயரமும் பொருளும் உடைய ஒன்று. சுவரை நிறுத்தினால் தரைப்படமும் வெட்டுத்தோற்றமும் தாமே வந்துவிடும். கோடு கோடாகச் சிந்தித்துப் பழகிய கைக்கு இதுவே தடை.

பல்லவச் சிற்பிகளும் இத்தகைய தடையொன்றைக் கடந்தவர்களே. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் கோயில் சமைத்ததாக மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனின் கல்வெட்டு பெருமிதம் கொள்கிறது. அது குடைவரை. குடைபவர் வேண்டாததை நீக்குகிறார். மாமல்லையின் ஒற்றைக்கல் இரதங்களோ மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. முற்றுப்பெறாத வலையன்குட்டை, பிடாரி இரதங்களைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். கற்றளி இதற்கு நேர்மாறானது. அடித்தளத்தில் தொடங்கிக் கல்மேல் கல் வைத்து உயரவேண்டும். பாறை தானே தாங்கிய பாரத்தை இனிச் சிற்பியின் கணக்கு தாங்கவேண்டும். உளியைப் பிடிக்கும் கை அதுவே. வேலையின் வரிசை மட்டும் தலைகீழாகிவிட்டது.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கூரம் கோயில், தமிழகத்தின் மிகப் பழைய கற்றளிகளுள் ஒன்று. இதன் வடிவம் தூங்கானை மாடம். பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். மாமல்லையின் சகாதேவ இரதத்தில் பாறையில் செதுக்கிய அதே வடிவந்தான். புதிய முறையைக் கற்கத் தொடங்கியவர்கள் கைவந்த பழைய வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள் என்று எமக்குத் தோன்றுகிறது. கோயிலின் மேற்பகுதி இன்று இல்லை. ஆயினும் பாடம் வீண்போகவில்லை. அடுத்து வந்த இராஜசிம்மன் காலத்தில் மாமல்லைக் கடற்கரைக் கோயிலும் காஞ்சிக் கைலாசநாதரும் எழுந்தன. கைலாசநாதரில் அடித்தளத்துக்குக் கருங்கல்லும் மேலே செதுக்குவதற்கு எளிய மணற்கல்லும் அமைந்தன. பின்னாளில் மணற்கல் அரித்துப்போனதும் ஒரு பாடமே.

நண்பர் நெடுநேரம் அந்த வளைந்த சுவரருகே நின்றிருந்தார். "தவறினால் அவர்களுக்குப் பின்வாங்கும் விசை கிடையாதே" என்றார். இருந்திருந்தாலும் முதல் முயற்சி இவ்வாறே இருந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். திரும்பும் வழியில் தாம் முதலில் வரைந்த ஓட்டுவீட்டையே மென்பொருளில் மீண்டும் எழுப்பிப் பார்க்கப்போவதாகக் கூறினார். தெரிந்த வடிவத்தில் தொடங்குவது நல்லதுதான்.

கைலாசநாதரைக் காணச் செல்லும் அன்பர்கள் கூரத்துக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். முழுமை பெற்றதை எல்லாரும் வணங்குவர். அதற்கு வழிவிட்ட முதல் முயற்சிக்கும் ஒரு வணக்கம் உரியது.