நட்டத்தைச் சுமந்தவர்கள்: சென்னையில் புது நாடகங்களுக்குக் கிடைத்த ஆதரவு

தமிழ் நாடக வரலாற்றைப் பெரும்பாலும் ஆசிரியர்களையும் நடிகர்களையும் முன்வைத்தே எழுதிவந்திருக்கிறோம். யாரும் அறியாத ஒரு பிரதியை மேடையேற்றத் துணிந்தவர் யார், அரங்கு நிறையாதபோது நட்டம் யார் தலையில் விழுந்தது என்ற கேள்விகள் வழியாகவும் அதை எழுதலாம். சுகுண விலாச சபை முதல் நவீன நாடகக் குழுக்கள் வரை, சென்னையை மையமாக வைத்து இக்கட்டுரை அதை முயல்கிறது.

சந்தா தந்த துணிவு

பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னையில் நடத்திய நாடகங்களைப் பார்த்த உந்துதலில், பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். தொழில்முறைக் கம்பெனிகளுக்கு அன்றன்றைய வசூலே சோறு. மக்கள் அறிந்த புராணக் கதைகளே அவற்றுக்குப் பாதுகாப்பு. சபையினரோ வழக்கறிஞர்கள், அலுவலர்கள் எனப் பிழைப்புக்கு வேறு வழி உள்ளவர்கள். உறுப்பினர் சந்தா ஒரு நாடகத்தின் தோல்வியைத் தாங்கிக்கொண்டது. பம்மல் சொந்தக் கற்பனையில் உரைநடை நாடகங்களை எழுதவும், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கவும் இந்த ஏற்பாடு இடமளித்தது.

விடுதலைக்குப் பின் பெருகிய சபாக்களிலும் சந்தா இருந்தது; தேர்வு செய்யும் கை மாறிவிட்டது. பழைய சபையில் நடிப்பவர்களே தேர்ந்தெடுத்தார்கள். புதிய சபாக்களில் குழு வேறு, காசு தரும் அமைப்பு வேறு. உறுப்பினர்கள் முகம் சுளிக்காத நாடகத்தையே செயலாளர்கள் நாடினர். நகைச்சுவைத் துணுக்குகள் மேலோங்கின. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ (1980) போன்றவை அந்தச் சூழலில் விதிவிலக்குகள்.

அச்சு முதல் மேடை

சபா கதவு திறக்காத நாடகங்களுக்குச் சிறுபத்திரிகைகள் முதல் மேடையாயின. ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ 1960களின் இறுதியில் ‘நடை’ இதழில் வந்தது. அவருடைய ‘நாற்காலிக்காரர்’ நாடகத்தை க்ரியா பதிப்பகம் 1974-ல் நூலாக்கியது. நடிகர்கள் கிடைக்கும் முன்பே இந்நாடகங்களுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள்.

1977-ல் முத்துசாமியின் கூத்துப்பட்டறை, 1978-ல் ஞாநியின் பரீக்‌ஷா, மதுரையில் மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் எனக் குழுக்கள் அடுத்தடுத்துத் தோன்றின. 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறை பலருக்கு முறையான பயிற்சியைத் தந்தது. 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை, அரங்கும் ஒப்பனையும் இல்லாமலே நாடகம் போட முடியும் என்று காட்டியது. செலவைச் சுருக்குவதும் ஒருவகை ஆதரவுதான். வேலைக்குப் போய்வந்து மாலையில் ஒத்திகை பார்த்தவர்களின் கைக்காசு தாங்கும் அளவுக்கு நட்டம் சிறுத்தது.

நல்கையும் சட்டமும்

கைக்காசு ஓரளவுக்கு மேல் எட்டாது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தோடு உறவாடி நெடுநாள் பயிற்சியை நம்பிய கூத்துப்பட்டறைக்கு முழுநேர நடிகர்கள் தேவைப்பட்டார்கள். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை அதற்கு வழிசெய்தது. பசுபதி, கலைராணி போன்றோர் அங்கே உருவானார்கள். நல்கைக்கும் ஒரு விலை உண்டு. பார்வையாளர்களைத் தேடிச் சேர்க்கும் அவசரம் குறைகிறது. கொடையாளர் விலகினால் குழு தடுமாறுகிறது. 1990களில் கோமல் ‘சுபமங்களா’ இதழின் சார்பில் நடத்திய நாடக விழாக்கள் மறுபக்கத்தைக் கவனித்தன. தனித்தனியாக இயங்கிய குழுக்களுக்கு அவை பொதுப் பார்வையாளர்களைத் தேடித் தந்தன.

பணத்தைத் தவிர அனுமதியும் ஒரு சுமை. 1954-ம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிரதியைக் காவல்துறையின் பார்வைக்கு உட்படுத்தியது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ல் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. ஒரு சிறு குழுவின் இயக்குநர் தொடுத்த வழக்கால் மாநிலத்தின் எல்லாக் குழுக்களும் பயனடைந்தன.

முடிவுரை

சுகுண விலாச சபையில் தேர்வும் நட்டமும் ஒரே கையில் இருந்தன. புது முயற்சி துளிர்த்தது. பிற்காலச் சபாக்களில் அவை பிரிந்தன, முயற்சி ஒதுங்கியது. சிறு குழுக்களில் மீண்டும் சேர்ந்தன. ஆனால் சுமக்கும் வலு குறைவாக இருந்தது. ஆகவே உள்ளூர்க் குழுக்களுக்கு உதவ விரும்பும் அமைப்புகள், தேர்வைக் குழுவிடமே விட்டு, நட்டத்தில் பங்கேற்பதே பொருத்தம். அந்தப் பங்கும் ஒரே கொடையாளரிடமிருந்து வராமல் சந்தா, நல்கை, விழா எனப் பல வழிகளில் வந்தால்தான் குழு நிலைக்கும்.