வர்க்கமூலக் குறி வந்த கதை

வணிகவியல் படிக்கும் மாணவர்களுக்கு லூக்கா பசியோலியைத் தெரியாமல் இருக்காது. இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் விளக்கிய இத்தாலியத் துறவி அவர். 1494ல் வெனிஸ் நகரில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'சும்மா' என்று தொடங்கும். தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதற்குத் 'தொகுப்பு' என்று பொருள். குறிப்பேடும் பேரேடும் அதில் ஒரு சிறு பகுதிதான். மற்றதெல்லாம் எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல்.

அந்தப் புத்தகத்தில் √ என்ற குறியைத் தேடினால் கிடைக்காது. வர்க்கமூலம் வரும் இடத்தில் எல்லாம் குறுக்குக் கோடு போட்ட ஆர் என்ற எழுத்துதான் இருக்கும். 'ராடிக்ஸ்' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்து அது. அந்தச் சொல்லுக்கு வேர் என்று பொருள். அரபியில் 'ஜித்ர்' என்றாலும் வேர்தான், நாம் சொல்லும் 'மூலம்' என்றாலும் வேர்தான்!

வர்க்கமூலம் காண்பது மனிதனுக்குப் புதிதல்ல. ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் 2ன் வர்க்கமூலம் ஐந்து தசம இடங்கள் வரை சரியாக இருக்கிறது. ஆனால் தெரிந்த எண்ணுக்கு மூலம் காண்பது வேறு, தெரியாத ஒன்றின் மூலத்தைத் தாளில் எழுதிச் சுருக்குவது வேறு. இரண்டாவதற்கு நல்ல குறியீடு வேண்டும். அது வர நெடுங்காலம் ஆனது.

முதல் படி 1525ல். கிறிஸ்டாஃப் ருடால்ஃப் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய இயற்கணிதப் புத்தகத்தில் √ குறி அச்சேறியது. ஆனால் அதன் மேல் இன்று நாம் இழுக்கும் நீளக்கோடு அப்போது இல்லை. மூலம் எதுவரை போகிறது என்பது அதனால் தெளிவாகத் தெரியாது.

இரண்டாவது படி 1591ல். பிரான்சின் வியட், தெரியாத அளவுகளுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். ஆனால் வர்க்கம், கனம் என்பதையெல்லாம் சொற்களாகவே எழுதினார்.

மூன்றாவது படி 1637ல். தெகார்த் தன்னுடைய 'வடிவியல்' நூலில் அடுக்கை எழுத்தின் தலையில் சிறிய எண்ணாகப் போட்டார். √ குறியோடு மேற்கோட்டையும் சேர்த்தார். எக்ஸ், ஒய், இசட் என்று தெரியாதவற்றுக்குக் கடைசி எழுத்துகளை வைக்கும் வழக்கமும் அவரிடமிருந்து வந்ததுதான்.

இதனால் என்ன லாபம்? √(72அ⁵) என்பதை எடுத்துக்கொள்வோம். 'அ' குறை எண் அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 என்பது 36 × 2. அ⁵ என்பது அ⁴ × அ. 36 வெளியே வந்தால் 6. அ⁴ வெளியே வந்தால் அ². உள்ளே மிஞ்சுவது 2அ. ஆக விடை 6அ²√(2அ). அடுக்கைப் பாதியாக்கு, ஒற்றைப்படையில் மிஞ்சும் ஒன்றை உள்ளேயே விடு. அவ்வளவுதான்! அடுக்கைச் சொல்லாக எழுதும் வரை இந்தப் 'பாதியாக்குதல்' கண்ணில் படாது. எண்ணாக எழுதியதும் தானாகத் தெரிகிறது.

1676ல் நியூட்டன் லைப்னிட்சுக்கு அனுப்பிய கடிதத்தில் இதை முழுமையாக்கினார். மூலத்தையே அரை என்ற அடுக்காக எழுதினார். அதன்பின் √ என்பது தனி விதி அல்ல, அடுக்கு விதிகளில் ஒன்று.

ஆனால் பாதியாக்குவதில் ஒரு பொறி இருக்கிறது. √(அ²) என்றால் 'அ' என்று எழுதிவிடத் தோன்றும். 'அ' என்பது -3 ஆனால்? வர்க்கம் 9, அதன் மூலம் 3. போனது -3, திரும்பியது 3! வர்க்கப்படுத்தும்போதே குறை அடையாளம் அழிந்துவிடுகிறது. பிறகு மூலம் எடுத்தாலும் அது திரும்பாது. இரண்டாம் பாஸ்கரர் 12ஆம் நூற்றாண்டிலேயே 'பீஜகணித'த்தில், மிகை எண்ணின் வர்க்கமும் குறை எண்ணின் வர்க்கமும் மிகையே என்றும், அதனால் மூலம் இரண்டு என்றும் சொல்லிவிட்டார். √ குறி அந்த இரண்டில் குறை அல்லாததை மட்டும் குறிக்கும் என்பது பின்னால் வந்த ஏற்பாடு.

அதற்கு ஏற்ற குறியை 1841ல் ஜெர்மனியின் வையர்ஸ்ட்ராஸ் பயன்படுத்தினார். எண்ணின் இருபுறமும் இரண்டு நேர்கோடுகள், அதாவது மட்டு மதிப்பு. √(அ²) = |அ|. √(அ⁶) = |அ³|. √(அ⁴) க்கு மட்டும் கோடு வேண்டாம், அ² எப்படியும் குறை எண் ஆகாது.

ருடால்ஃபின் √ முதல் இந்த இரண்டு கோடுகள் வரை 316 ஆண்டுகள். தேர்வில் அவற்றைப் போட ஒரு நொடி போதும். விட்டுவிட்டால், 'அ' குறை எண்ணாக வரும் இடத்தில் எல்லாம் விடை தவறு.