காண்டாமிருகத்துக்கும் கொழும்புக்கும் என்ன தொடர்பு?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

செப்டம்பர் 22 உலகக் காண்டாமிருக நாள். அதை ஒட்டி வகுப்புப் பிள்ளைகள் ஓர் உண்டியல் வைத்துச் சிறு தொகை சேர்க்கப் போகிறார்கள் என்று பெற்றோர் குழுமத்தில் அறிவித்தேன். ஒரு தாய் நேராகவே கேட்டார்: "டீச்சர், மனிசருக்கே திங்க இல்லாத நேரத்துல, ஆபிரிக்கா மிருகத்துக்கு சல்லி சேர்க்கிறதா?"

நியாயமான கேள்வி. நான் வரலாறு படிப்பிக்கிறவள், அதனால் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் நம் நாட்டுக் கதை. இரத்தினபுரியில் மாணிக்கம் தேடித் தோண்டும் குழிகளில், 'இல்லம்' என்று சொல்லும் அந்தச் சரளை மண்ணோடு, பழைய எலும்புகளும் பற்களும் கிளம்புவதுண்டு. மாணிக்க வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும். கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து, ஒரு காலத்தில் காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் எல்லாம் இந்தத் தீவில் வாழ்ந்தன என்று காட்டினார். இங்கு கிடைத்த ஒரு காண்டாமிருக இனத்துக்கு 'ரைனோசெரஸ் சிங்ஹலேயஸ்' என்று இந்த மண்ணின் பெயரையே வைத்தார். அவை எல்லாம் எப்போதோ அழிந்துவிட்டன. பெரிய மிருகங்களில் நமக்கு மிஞ்சியது யானை.

அந்த யானையோடு நம் சமூகத்துக்கு நெருங்கிய உறவு உண்டு. 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்த பணிக்கர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். துப்பாக்கி இல்லாமல், தோல் கயிற்றை மட்டும் நம்பிக் காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்குப் போட்டுப் பிடித்தவர்கள் அவர்கள். அந்த யானைகளை வாங்கத் தென்னிந்திய அரசர்களின் ஆட்கள் இங்கே வருவார்களாம்.

அதே காலத்தில் ஆங்கில அரசாங்கம் யானையைக் கொன்றவர்களுக்கு வெகுமதி கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடங்களுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். அவருடைய கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. காடு நிறைய யானை இருந்த காலம் அது. எண்ணிக்கை குறையும் என்று யாரும் நினைக்கவில்லை.

காண்டாமிருகத்துக்கும் அதேதான் நடந்தது. 1970 அளவில் ஆபிரிக்காவில் கருங்காண்டாமிருகங்கள் ஏறத்தாழ 65,000 இருந்தன. 1990களின் நடுப்பகுதியில் 2,500கூட இல்லை. இருபத்தைந்து வருடம், அவ்வளவுதான்.

யார் வாங்கினார்கள்? கிழக்காசியாவில் மருந்துக்காக வாங்கினார்கள். இன்னொரு பெரிய சந்தை யெமன். அங்கே ஆண்கள் இடுப்பில் செருகும் 'ஜம்பியா' என்ற கத்திக்குக் காண்டாமிருகக் கொம்பில் பிடி போடுவது கௌரவம். முன்பு அது வசதியானவர்களுக்கு மட்டும் எட்டிய பொருள். 1970களில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது ஏராளமான யெமன் இளைஞர்கள் சவூதிக்கு உழைக்கப் போனார்கள். ஊர் திரும்பியதும் அந்தக் கத்தியைத்தான் வாங்கினார்கள். வெளிநாட்டுச் சம்பாத்தியம் ஊரில் எப்படிச் செலவாகும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கொம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் அந்தக் கொம்பு நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்தான்.

1982இல் யெமன் அரசு இறக்குமதியைத் தடை செய்தது. கடத்தல் நிற்கவில்லை. எஸ்மண்ட் பிராட்லி மார்ட்டின் என்ற ஆய்வாளர் சன்ஆ கடைத்தெருவில் கத்தி செய்பவர்களோடு வருடக்கணக்காகப் பேசி, எருமைக் கொம்பில் பிடி செய்யலாம் என்று வற்புறுத்தினார். 1992இல் யெமனின் பெரிய முப்தி, கொம்புக்காகக் காண்டாமிருகத்தைக் கொல்வது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஃபத்வா கொடுத்தார். 2014இல் இந்தோனேசியாவின் உலமா சபையும் அருகிவரும் உயிர்களைக் காப்பது பற்றி ஒரு ஃபத்வா வெளியிட்டது. ஆகவே இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று சொல்லித் தட்டிக்கழிக்க நமக்கு வழியில்லை.

இனி காசு சேர்த்தவரின் கதை. மைக்கேல் வெரிக்கே கென்யாவின் மொம்பாசாக்காரர். வனவிலங்குத் திணைக்களக் களஞ்சியத்தில் தந்தங்களையும் கொம்புகளையும் தரம்பிரிக்கும் வேலை கிடைத்தது. மனம் பொறுக்காமல் அதை விட்டு, வாகனம் பொருத்தும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். 1982இல் விடுமுறை எடுத்து மொம்பாசாவிலிருந்து நைரோபி வரை நடந்தார். வழியெல்லாம் ஊராரோடு காண்டாமிருகத்தைப் பற்றிப் பேசினார். பின்பு கிழக்கு ஆபிரிக்கா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று நடந்து, ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் திரட்டினார். சாதாரணத் தொழிலாளி, இரண்டு கால்கள், அவ்வளவுதான் மூலதனம். இன்று கருங்காண்டாமிருகங்கள் 6,000ஐத் தாண்டியிருப்பதில் இப்படிப்பட்டவர்களின் வியர்வையும் காட்டுக் காவலர்களின் இரத்தமும் இருக்கின்றன.

கென்யாவிலிருந்து நம் துறைமுகத்துக்கு வருவோம். கொட்டாஞ்சேனையிலிருந்து எட்டிப் பார்த்தால் பாரந்தூக்கிகள் தெரிகின்றனவே, அங்கேதான் 2012 மே மாதம் ஒரு கொள்கலனைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். கென்யாவிலிருந்து வந்து துபாய்க்குப் போகவிருந்த கொள்கலன். உள்ளே 359 ஆபிரிக்க யானைத் தந்தங்கள், ஏறத்தாழ ஒன்றரைத் தொன். ஆபிரிக்காவில் கொலை, வேறெங்கோ விற்பனை, நடுவழியில் நம் கொழும்பு.

2016 ஜனவரி 26 அன்று காலிமுகத்திடலில், பல சமயத் தலைவர்கள் முன்னிலையில், அந்தத் தந்தங்களை இயந்திரத்தில் போட்டு நொறுக்கினார்கள். வெள்ளவத்தைப் பிள்ளைகளும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் பட்டம் விடுகிற அதே திடல். "விற்றிருந்தால் நாட்டுக்குக் காசாவது வந்திருக்குமே" என்று அன்று பலர் சொன்னார்கள். ஆனால் அரசே விற்றால், கள்ளத் தந்தத்தையும் அரசாங்கத் தந்தம் என்று சொல்லி விற்க வழி திறந்துவிடும். 2021இல் அசாம் அரசும் தன்னிடமிருந்த 2,479 காண்டாமிருகக் கொம்புகளை விற்காமல் எரித்தது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

ஸகாத் பணத்தை இந்த உண்டியலில் போட வேண்டாம். அதற்கு உரிய எட்டுப் பிரிவினரைக் குர்ஆனே சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் முதலில் அங்கே கொடுங்கள். அதன் பிறகும் கையில் ஐம்பது ரூபா மிஞ்சினால், ஸதகா என்ற நிய்யத்தோடு பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸை மத்ரஸாவில் படித்த பிள்ளைகள்தானே இவர்கள்.

எந்தக் காப்பகத்துக்கு அனுப்புவது என்று பிள்ளைகளே தேடிப் பார்த்துப் பெற்றோர் கூட்டத்தில் சொல்வார்கள். சேர்ந்த தொகையும் அனுப்பிய பற்றுச்சீட்டும் வகுப்புச் சுவரில் ஒட்டப்படும்.

காசு தர முடியாதவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யானை முடி மோதிரம், கஜமுத்து, தந்தத் துண்டு என்று யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து காட்டினால், "இது எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். வாங்காதீர்கள். யெமனில் அன்று கேட்கப்படாமல் போன கேள்வி அதுதான்.