கம்பெனி செக் பவுன்ஸ் ஆனால் டைரக்டர்கள் எல்லோர் மீதும் கேஸ் வருமா? சட்டம் சொல்வது என்ன?

"மாப்ள, ஒரு கையெழுத்து போடு. பேருக்குத்தான் நீ டைரக்டர்." இப்படி உறவுக்காக கம்பெனி இயக்குநர் ஆனவர்கள் நம்மூரில் நிறைய பேர். அந்த கம்பெனி கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி, வீட்டுக்கு கோர்ட் சம்மன் வரும்போதுதான் விஷயம் புரியும்.

செக் பவுன்ஸ் வழக்குகள் 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வருகின்றன. தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது செக் தொகையைப் போல 2 மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனியை ஜெயிலில் போட முடியாதே? அதற்காகத்தான் 141-வது பிரிவு. கம்பெனியை நடத்தியவர்களையும் அது குற்றவாளியாக்குகிறது.

ஆனால் டைரக்டர் என்ற பெயர் மட்டும் போதாது என்று 2005-ல் எஸ்.எம்.எஸ். பார்மசூட்டிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிர்வாக இயக்குநரும், செக்கில் கையெழுத்து போட்டவரும் பொறுப்பாளிகள்தான். மற்ற இயக்குநர்கள் விஷயத்தில், அந்த சமயத்தில் கம்பெனியின் அன்றாட வேலைகளை இவர்தான் கவனித்தார் என்று புகாரிலேயே சொல்லியிருக்க வேண்டும். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தாலும் தப்பிக்கலாம். அரசு நியமித்த இயக்குநர்களுக்கு விலக்கு உண்டு.

"நான் அப்பவே விலகிட்டேன்" என்பவர்கள் கவனிக்க: வாயால் சொன்னது எடுபடாது. செக் கொடுப்பதற்கு முன்பே விலகியது கம்பெனிகள் பதிவாளரிடம் பதிவாகியிருந்தால் அதுதான் பலமான ஆதாரம்.

இன்னொன்று. ஒவ்வொரு டைரக்டருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் அனுப்பத் தேவையில்லை, கம்பெனிக்கு அனுப்பினாலே போதும் என்பது 2015 தீர்ப்பு. அதனால் நோட்டீஸே வரலையே என்ற வாதம் நிற்காது.

பணம் வர வேண்டியவர்களும் உஷாராக இருக்கணும். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனியை விட்டுவிட்டு டைரக்டர் மீது மட்டும் கேஸ் போட்டால் நிற்காது என்று 2012-ல் அனிதா ஹடா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. பலர் சறுக்குவது இங்கேதான்.

கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால்? தடை உத்தரவு இருக்கும்வரை கம்பெனி மீதான வழக்கு நகராது. ஆனால் டைரக்டர்கள் மீதான வழக்கு தொடரும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.