பெருநாள் காசும் ஃபித்ரா அரிசியும்



பெருநாள் என்றதும் நம்ம காயல் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெருநாள் காசு. வரட்டும், அது அவர்களின் சந்தோஷம். ஆனால் பெருநாளின் வரலாற்றில் வாங்குவதற்கு முன்னால் கொடுப்பது இருக்கிறது.

நோன்பு கடமையான ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டிலேயே (கி.பி. 624) ஃபித்ராவும் கடமையானது. தலைக்கு ஒரு ஸாஉ. அதாவது, இரு கை சேர்த்து நான்கு முறை அள்ளும் தானியம்; ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன்பே அது ஏழைகள் கையில் சேர்ந்துவிட வேண்டும். அன்று யாரும் பசியோடு இருக்கக்கூடாது என்பதுதான் காரணம். பால்குடிப் பிள்ளைக்கும் உண்டு. வாப்பா அதன் பேரில் கொடுப்பார். ஆக, நம்மில் ஒவ்வொருவரும் பெருநாள் காசு வாங்கும் முன்பே கொடுத்தவர்தான்.

இந்தக் கரைக்குக் கொடை புதிதல்ல. நம் ஊரில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பாவின் அன்புக்குரியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவளித்த அவர், நூல் முடியுமுன் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். கொடுத்த கை ஓய்ந்தாலும் கொடை நிற்கவில்லை.

இப்போது ஃபித்ராவைப் பெரியவர்கள் செல்போனிலேயே அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகள் கண்ணில் படுவது கைக்கு வரும் காசு மட்டும். என் சிறுவயதில் உம்மா ஒவ்வொருவர் பேரும் சொல்லி அரிசி அளப்பார். "இது உன்னுது" என்பார். என்னுடையது என்று ஒன்றை எடுத்துக் கொடுக்கப் படித்தது அப்படித்தான்.

வரும் நோன்பில் உங்கள் பிள்ளையின் அரிசியை அதன் கையாலேயே அள்ளவிடுங்கள். கொடுத்துவிட்டு வந்து பெருநாள் காசு வாங்கட்டும்.