வரையறையிலிருந்து அடிகோளுக்கு: தொடக்க வடிவியலின் சொற்களும் தருக்கமும் வளர்ந்த வரலாறு

முன்னுரை

பள்ளி வடிவியல் புள்ளி, கோடு, தளம் என்ற மூன்று சொற்களோடு தொடங்குகிறது. இவற்றின் வரையறைகளை மனப்பாடம் செய்யும் மாணவர், பிறகு தேற்றங்களை நிறுவும்போது அவற்றை எங்கும் எடுத்தாள்வதில்லை. யாரும் விளக்காமல் விட்ட ‘மீது’, ‘இடையே’, ‘சமம்’ போன்ற சொற்களே நிறுவலின் சுமையைத் தாங்குகின்றன. இந்த நிலை எப்படி வந்தது, கணிதவியலாளர்கள் இதை எப்படி உணர்ந்து திருத்தினார்கள் என்பதை யூக்ளிட் தொடங்கிப் பள்ளிப் பாடநூல் வரை இக்கட்டுரை ஆராய்கிறது. எதை வரையறுக்காமல் விடலாம் என்று தெளிந்ததே தொடக்க வடிவியலின் மிகப் பெரிய வளர்ச்சி என்பது இதன் கருத்து.

1. யூக்ளிடின் அடித்தளம்

நிறுவல்களின் சங்கிலி முடிவில்லாமல் பின்னோக்கிப் போக முடியாது. நிறுவப்படாத சில தொடக்கக் கூற்றுகள் வேண்டும் என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் வாதிட்டார். கி.மு. 300 அளவில் யூக்ளிட் தொகுத்த ‘மூலங்கள்’ இந்த எண்ணத்துக்கு வடிவம் தந்தது. அதன் முதல் நூலில் 23 வரையறைகள், 5 எடுகோள்கள், 5 பொதுக் கருத்துகள் ஆகியவற்றின் மேல் 48 முன்மொழிவுகள் நிற்கின்றன.

அந்த வரையறைகள் இரண்டு வகைப்பட்டவை. புள்ளிக்குப் பகுதி கிடையாது, கோட்டுக்கு அகலம் கிடையாது என்பவை ஒரு வகை. பகுதி என்றால் என்ன, அகலம் என்றால் என்ன என்ற கேள்விகள் அங்கே விடையின்றி நிற்கின்றன; எந்த நிறுவலிலும் இவை பயன்படுவதும் இல்லை. வட்டத்தின் வரையறை இன்னொரு வகை. மையத்திலிருந்து வட்டக்கோட்டுக்கு வரையும் நேர்கோடுகள் எல்லாம் சமம் என்ற அதன் உள்ளடக்கம் முதல் முன்மொழிவிலேயே வேலை செய்கிறது.

அந்த முன்மொழிவு, கொடுத்த கோட்டுத்துண்டின் மேல் சமபக்க முக்கோணம் அமைப்பதாகும். கோட்டுத்துண்டின் இரு முனைகளையும் மையங்களாகவும் அதன் நீளத்தையே ஆரமாகவும் கொண்டு இரண்டு வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியை இரு முனைகளோடும் இணைக்கிறார் யூக்ளிட். வட்டத்தின் வரையறைப்படி, புதிய பக்கங்கள் ஒவ்வொன்றும் முதல் கோட்டுத்துண்டுக்குச் சமம். ஒன்றுக்கே சமமானவை தமக்குள்ளும் சமம் என்ற பொதுக் கருத்து நிறுவலை முடித்துவைக்கிறது. ஆனால் அந்த இரு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்பதற்கு ஐந்து எடுகோள்களில் எதுவும் சான்று தரவில்லை. அதைப் படத்தைப் பார்த்தே ஏற்றுக்கொள்கிறோம்.

நான்காம் முன்மொழிவிலும் இதே குறை உண்டு. இரு பக்கங்களும் அவற்றுக்கிடைப்பட்ட கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம் என்பதை, ஒன்றை மற்றொன்றின் மேல் பொருத்திக் காட்டி நிறுவுகிறார். உருவங்களை இடம்பெயர்க்கும் உரிமையை எந்த எடுகோளும் தரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழாக் பெலெத்தியே இந்த முறையை ஏற்க மறுத்தார்.

2. வகைப்படுத்தலில் வந்த மாற்றம்

யூக்ளிடின் இருசமபக்க முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் மட்டுமே சமம். சமபக்க முக்கோணம் அதில் சேராது. அவரது பட்டியலில் சதுரமும் செவ்வகமும் தனித்தனி இனங்கள். பிற்காலப் பாடநூல்கள் ‘குறைந்தது இரண்டு பக்கங்கள்’ என்று மாற்றின. சதுரம் செவ்வகத்தின் ஒரு வகையாயிற்று. இதற்குக் காரணம் தருக்கச் சிக்கனம். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று ஒருமுறை நிறுவினால் போதும், சதுரத்துக்கும் அது தானே பொருந்திவிடும். உருவங்களுக்குப் பெயரிட்டுப் பிரிக்கும் வேலையிலிருந்து வரையறை நகர்ந்து, நிறுவலுக்கு உதவும் கருவியானது.

3. படத்தின் மீதிருந்த நம்பிக்கை தளர்ந்தது

எல்லாச் சொற்களையும் வரையறுக்க முனைந்தால் முடிவில் வரையறுக்க முடியாத மூலச் சொற்களுக்கே வந்து சேர்வோம் என்று 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் பஸ்கால் எழுதினார். சொற்களைப் போலவே எடுகோள்களும் பின்னர் கேள்விக்குள்ளாயின. கணிதவியலாளர்களான லொபச்செவ்ஸ்கி 1829இலும் போயாய் 1832இலும் வெளியிட்ட புதிய வடிவியல்கள், இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் ஐந்தாம் எடுகோளைக் கைவிட்டும் முரண்பாடு இன்றி நடந்தன. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதாலேயே ஒரு கூற்று தவிர்க்க முடியாதது ஆகிவிடாது என்பது இதனால் விளங்கியது.

படம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதை, எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று ‘நிறுவும்’ பெயர்பெற்ற போலி நிறுவலில் காணலாம். கசட என்ற முக்கோணத்தில் க-வின் கோண இருசமவெட்டியும் சட பக்கத்தின் மையக்குத்துக்கோடும் த-வில் சந்திக்கட்டும். த-விலிருந்து கச, கட பக்கங்களுக்குச் செங்குத்துகள் வரைந்து, அவற்றின் அடிப்புள்ளிகளை முறையே ப, ம என்போம். சர்வசம முக்கோணங்களால் கப = கம, பச = மட என்று கிடைக்கும். இவற்றைக் கூட்டினால் கச = கட. சர்வசமம் காட்டிய படிகளில் பிழை இல்லை. கூட்டும் படியில்தான் பிழை இருக்கிறது. பக்கங்கள் சமமில்லாதபோது ப, ம ஆகிய இரண்டில் ஒன்று பக்கத்துக்குள்ளும் மற்றொன்று பக்கத்தின் நீட்சியிலும் விழும். எனவே ஒருபுறம் கூட்ட வேண்டும், மறுபுறம் கழிக்க வேண்டும். ‘இடையே’ என்ற உறவைச் சரிபார்க்காமல் விட்டதால் முழு நிறுவலும் பொய்த்தது.

யூக்ளிடின் எடுகோள்களில் இந்த உறவுக்கு இடமே இல்லை. ஜெர்மானியக் கணிதவியலாளர் மோரிட்ஸ் பாஷ் 1882இல் வெளியிட்ட நூலில் இதற்கென அடிகோள்களை, அதாவது நிறுவாமல் ஏற்கும் அடிப்படைக் கூற்றுகளை, அமைத்தார். ஒரு பக்கத்தின் வழியே முக்கோணத்துக்குள் நுழையும் கோடு, எந்த உச்சியையும் தொடாவிட்டால், வேறொரு பக்கத்தின் வழியே வெளியேறும் என்பது அவற்றுள் ஒன்று. சிறு பிள்ளைக்கும் தெரிந்த உண்மைதான். ஆனால் யூக்ளிடின் அடித்தளத்திலிருந்து அதை வருவிக்க முடியாது. நிறுவல் படத்தைச் சார்ந்திருக்கக் கூடாது, அது பயன்படுத்தும் ஒவ்வொரு உறவும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும் என்பது பாஷின் கொள்கை.

1899இல் கணிதவியலாளர் ஹில்பர்ட் இந்தப் பணியை நிறைவு செய்தார். அவரது ‘வடிவியலின் அடிப்படைகள்’ புள்ளி, கோடு, தளம் ஆகியவற்றை வரையறுக்கவில்லை. ஒன்று மற்றொன்றின் மேல் அமைதல், இடையே இருத்தல், சர்வசமமாதல் ஆகிய உறவுகள் எந்த விதிகளுக்கு உட்படும் என்பதை அடிகோள்களின் ஐந்து தொகுதிகள் கூறுகின்றன. யூக்ளிட் பொருத்திக் காட்டி நிறுவிய சர்வசம விதியின் சாரத்தை ஹில்பர்ட் அடிகோளாகவே வைத்தார்.

4. வகுப்பறைக்கு வந்த விளைவுகள்

அமெரிக்காவில் கணிதவியலாளர் பிர்காஃப் 1932இல் அளவுகோலையும் கோணமானியையும் அடிப்படையாகக் கொண்ட எளிய எடுகோள் தொகுதியை வெளியிட்டார். மெய்யெண்களின் பண்புகள் ‘இடையே’ என்ற உறவின் சிக்கலைத் தீர்த்துவைத்ததால் பள்ளிக்கு அது ஏற்றதாயிற்று. ஹெரால்டு ஃபாசெட் 1938இல் வெளியிட்ட ஆய்வு, எந்தச் சொற்களை வரையறுப்பது, எவற்றை விடுவது என்று மாணவர்களே விவாதித்து முடிவு செய்த வகுப்பைப் பதிவு செய்கிறது. 1957இல் நெதர்லாந்தின் வான் ஹீலெ தம்பதியர், வடிவியல் சிந்தனை படிநிலைகளாக வளர்கிறது என்றும் ஒவ்வொரு படிநிலைக்கும் அதற்குரிய மொழி உண்டு என்றும் காட்டினர். இதன்படி, சதுரமும் செவ்வகமே என்பதை ஏற்காத மாணவர் கவனக்குறைவானவர் என்று பொருளில்லை. அவர் உருவத்தின் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறார், ஆசிரியரோ பண்புகளுக்கு இடையிலான தொடர்பைப் பற்றிப் பேசுகிறார்.

இந்தியாவில் 2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புக் கணித நூல், புள்ளி, கோடு, தளம் ஆகியவை வரையறுக்கப்படாத சொற்கள் என்று சொல்லி, பக்கம்–கோணம்–பக்கம் விதியை அடிகோளாக ஏற்றது. ஹில்பர்ட் எடுத்த அதே முடிவுகள் பள்ளி மாணவரின் கைக்கு வந்து சேர்ந்தன.

முடிவுரை

இந்த வரலாற்றில் சொற்களின் பொறுப்பு இடம் மாறியிருக்கிறது. பொருள்களை விளக்கும் வரையறைகள் பின்னுக்குப் போய், உறவுகளை ஆளும் அடிகோள்கள் முன்னுக்கு வந்தன. கற்பித்தலும் இந்த மாற்றத்தைப் பின்பற்ற வேண்டும். புள்ளி என்றால் என்ன என்ற வினாவுக்கு மதிப்பெண் தருவதைக் காட்டிலும், ஒரு நிறுவலின் ஒவ்வொரு வரியையும் காட்டி, ‘இது எந்தக் கூற்றிலிருந்து வருகிறது, படத்தைப் பார்த்துச் சொன்னதா?’ என்று கேட்பது பயன் தரும். மேலே கண்ட போலி நிறுவலைக் கையில் கொடுத்து, பிழையைத் தேடச் சொல்ல ஒரு பாடவேளை போதும். பிழையைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவர்கள், அடிகோள்கள் எதற்காக வேண்டும் என்பதையும் கூடவே கற்றுக்கொள்வார்கள்.