ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம்

என் தகப்பனார் எனக்கு விட்டுச் சென்ற சொத்துக்கள் மூன்று: ஒரு மரப் பீரோ, கொஞ்சம் முன்கோபம், ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள். பீரோவால் தொந்தரவு இல்லை. முன்கோபத்தை என் மனைவி சமாளித்துக்கொள்கிறாள். புல்லட்டோடுதான் நானே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அதன் முன்சக்கரத்து டயர் தேய்ந்து வழுக்கை விழுந்துவிட்டது. கடைக்குக் கொண்டு போனேன். "டியூப் வச்ச டயருக்கெல்லாம் இப்ப யார் சார் லீவர் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அந்த இளைஞன் தன் மெஷினைத் துடைக்கப் போய்விட்டான். ரோஷம் வந்துவிட்டது எனக்கு. அப்பா வீட்டு வாசலிலேயே டயர் மாற்றுவார். பம்பு அடிப்பது என் வேலை. அவர் பிள்ளைக்கு இது முடியாதா?

முடியவில்லை என்பதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டேன். பழைய டயர் எப்படியோ கழன்றது. புது டயரும் முக்கால்வாசி ஏறிவிட்டது. கடைசி ஒரு சாண்தான் ஏற மறுத்தது. இரண்டு லீவரையும் கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினேன். 'டப்'பென்று உட்கார்ந்தது. ஆனந்தமாகக் காற்றடித்தால் உள்ளே 'உஸ்' என்று ஒரு சத்தம். கழற்றிப் பார்த்தேன். புத்தம் புது டியூபில் பாம்பு தீண்டினாற்போல் அருகருகே இரண்டு பல் தடம்!

தெருமுனைச் சைக்கிள் கடைப் பெரியவர் அந்தப் பக்கமாக வந்தார். சற்று நேரம் என்னைப் பார்த்தார்.

"லீவர் மேல ஏன் தம்பி கோபப்படுறீங்க? எதிர்ப்பக்கத்தைப் பள்ளத்துல தள்ளுங்க" என்று சொல்லி, முழங்காலை டயர்மேல் ஊன்றினார். நான் மன்றாடிய அந்த ஒரு சாண், அவர் கட்டைவிரலுக்கே இணங்கி உள்ளே போய்விட்டது.

"இந்தப் பள்ளத்தை யார் கண்டுபிடிச்சாங்க, பெரியவரே?"

"யாரோ ஒரு வெள்ளைக்காரன். அவனும் என்னை மாதிரி முழங்கால் தேஞ்சவனாத்தான் இருக்கணும்."

அந்த 'யாரோ ஒருவரை'த் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

காற்றடைத்த டயர் என்றதும் டன்லப்பின் பெயர்தான் நம் வாயில் வருகிறது. ஜான் பாய்டு டன்லப், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் இருந்த மிருக வைத்தியர். 1887-இல் தம் பையனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடுவதற்காக ரப்பர்க் குழாயில் காற்றை நிரப்பிச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் பேடண்ட் வாங்கினார். ஆனால் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே இதே யோசனைக்குப் பேடண்ட் வாங்கியிருந்தார்! குதிரை வண்டிகளில் பூட்டி லண்டனில் ஓட்டியும் காட்டினார். அப்போது சைக்கிளும் இல்லை, ரப்பரும் மலிவாக இல்லை; ஊர் அவரை மறந்துவிட்டது. ஆனால் காகிதம் மறக்கவில்லை. 1890-இல் டன்லப்பின் பேடண்ட் செல்லாது என்று ஆகிவிட்டது.

டன்லப்பின் டயரில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. டியூபைக் கித்தானில் பொதிந்து அதை ரிம்மோடு ஒட்டிவிட்டார். ஆணி குத்தினால் எல்லாவற்றையும் பிய்க்க வேண்டும். 1889-இல் பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் ஊரிலிருந்த மிஷெலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு ஒரு சைக்கிள்காரர் பங்க்சரான டன்லப் டயரோடு வந்து சேர்ந்தார். மூன்று மணி நேரம் வேலை. பிறகு பசை காய ஓர் இரவு. மறுநாள் எத்வார் மிஷெலின் அந்தச் சைக்கிளில் ஏறிச் சில நூறு மீட்டர்தான் போயிருப்பார், மறுபடியும் பங்க்சர்! மனிதர் அதிலிருந்து இரண்டு பாடம் கற்றார்: காற்று டயரைப் போல் சுகமானது வேறில்லை, அதைச் சொந்தக்காரனே கழற்றி மாட்ட முடியாவிட்டால் பிரயோசனமும் இல்லை. 1891-இல் கழற்றக்கூடிய டயரைச் செய்தார்கள். அந்த வருஷம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில், அதைப் பூட்டிக்கொண்டு ஷார்ல் தெரோன் மூன்று நாளுக்குள் முதலாவதாக வந்தார்.

ஆனால் என் வாசலில் கிடக்கும் டயர் அந்த வம்சம் அல்ல. இதன் தகப்பன் லண்டன்வாசியான சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச். 1890-இல் அவர் டயரின் இரண்டு விளிம்பிலும் நீளாத கம்பி வளையத்தை வைத்தார். ரிம்மின் நடுவில் பள்ளம் விட்டார். அவ்வளவுதான். கம்பி வளையம் ரிம்மின் உதட்டைவிடச் சிறியது, நெம்பினாலும் நீளாது. ஆனால் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கம் தானே தளர்ந்து உதட்டைத் தாண்டும். காற்று ஏறியதும் இரண்டு விளிம்பும் பள்ளத்திலிருந்து எழும்பித் தத்தம் இடத்தில் இறுகும். கழற்ற வழி விட்ட அதே ரிம், காற்று உள்ளவரை கழல விடாது.

சில வாரம் கழித்து, எடின்பரோவில் ஒரு ரப்பர் கம்பெனியை நடத்திய பார்ட்லெட் என்ற அமெரிக்கர் வேறு வழி கண்டார். கம்பி இல்லை, தடித்த ரப்பர் விளிம்பு ரிம்மின் மடிப்பைக் கவ்விக்கொள்ளும். டன்லப் கம்பெனி இரண்டு பேடண்டையும் விலைக்கு வாங்கிப் பிழைத்துக்கொண்டது. டன்லப் 1895-இல் கம்பெனியைவிட்டு விலகினார். பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் பார்ட்லெட்டின் கவ்வு டயரில்தான் ஓடின. அதற்குக் காற்று எப்போதும் கெட்டியாக இருக்க வேண்டும். குறைந்தால் ஓட்டத்திலேயே விளிம்பு பிடியை விட்டுவிடும். ஓட்டுகிறவன் கதி அதோகதி. வேகம் கூடக்கூட இந்த விஷப்பரீட்சை கட்டிவரவில்லை. 1920-களில் மோட்டார் சைக்கிள்கள் வெல்ச்சின் கம்பிக்கும் பள்ளத்துக்கும் திரும்பின. 1956-இல் திருவொற்றியூரில் பூட்டப்பட்டு வெளிவரத் தொடங்கிய புல்லட்டுக்கும் அதே பள்ளம்தான். என் டயரின் பக்கவாட்டில் எவ்வளவோ அச்சடித்திருக்கிறது. தேடிப் பார்த்தேன், வெல்ச் பெயர் இல்லை.

பெரியவர் என்னை அத்துடன் விடவில்லை. "சமன் பார்க்க வேண்டாமா?" என்றார். பிரேக் தட்டைக் கழற்றிவிட்டு, அச்சின் இரு முனையையும் இரண்டு ஸ்டூல்மேல் வைத்துச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றினார். ஆடி ஆடி நின்றது. மறுபடி சுழற்றினார், அதே இடம்தான் அடியில் வந்து நின்றது. கனமான பகுதி அது. ஒரு முப்பது கிராம் கூடுதல் என்ன செய்துவிடும் என்று அலட்சியமாக நினைத்தேன். கணக்குப் போட்டால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய நாலு கிலோ பலத்தோடு சக்கரத்தை உதைக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் உதை ஒரு கிலோவாகக் குறையும். அப்பா புல்லட்டை நாற்பதைத் தாண்டி ஓட்டியதே கிடையாது. காரணம் இப்போதல்லவா தெரிகிறது!

கனத்துக்கு நேர் எதிரில், மேலே நின்ற ஸ்போக் கம்பியில் பெரியவர் ஈயக் கம்பியைச் சுற்றினார். கொஞ்சம் வெட்டினார், மறுபடி சுற்றினார். கடைசியில் சக்கரத்தை எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நின்றது.

புது டியூபுக்குக் காற்றடிக்கும் வேலையை என் பையனிடம் கொடுத்தேன். நூறு அடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். நாற்பது எண்ணுவதற்குள் இரண்டு தரம் கை மாற்றிவிட்டான்.